பழைய ஜீப்பில் ரிம், டயர் அளவுக் கோளாறுகள்: அறிகுறி வாரியாக

பழைய நான்கு சக்கர இயக்க வண்டி கைக்கு வந்ததும் பலர் முதலில் கைவைப்பது டயரில்தான். சற்றே பெரிய டயர், அகலமான ரிம், வண்டி எடுப்பாக நிற்கிறது. ஒரு மாதம் கழித்து ஸ்டீயரிங் உதறத் தொடங்குகிறது. கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) மாற்றுகிறார்கள், ஸ்டீயரிங் பெட்டியைப் பிரிக்கிறார்கள், புது ஷாக் அப்சார்பர் போடுகிறார்கள். உதறல் போவதில்லை. இந்த வரிசையில் ஒன்று விடாமல் நானும் செய்து பார்த்தவன்தான். கடைசியில் மூலையில் கிடந்த பழைய 16 அங்குல ரிம்களைத் துடைத்து மாட்டினேன். அன்றைக்கே வண்டி சாதுவாகிவிட்டது. அதிலிருந்து யார் எந்தக் கோளாறைச் சொன்னாலும் முதலில் ரிம்மின் அளவைத்தான் கேட்கிறேன். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பதை எல்லோரும் படிக்கிறார்கள். ரிம்மை அளந்து பார்ப்பவர் குறைவு.

இங்கே சொல்பவை வில்லிஸ் வகை ஜீப், லேண்ட் ரோவர் சீரிஸ், டொயோட்டா எஃப்.ஜே. 40 போன்ற, பட்டை ஸ்பிரிங்கும் திட அச்சும் கொண்ட வண்டிகளுக்கானவை.

எதையும் கழற்றும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

முதலாவது, ஸ்டட்டுகள் (சக்கர நட் ஏறும் திருகாணிகள்) அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம். ஆறு ஸ்டட் வண்டியில் எதிரெதிர்த் துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தால் முடிந்தது. ஐந்து ஸ்டட்டில் எதிரே துளை இருக்காது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மைய இடைவெளியை எடுத்து 1.701 ஆல் பெருக்குங்கள். 82 மி.மீ. வந்தால் 139.7 மி.மீ. வட்டம், அதாவது ஐந்தரை அங்குலம். வில்லிஸ் ஜீப்பும், பழைய சுசுகி ஜீப்பும், லாடா நிவாவும் இந்த வகை. 97 மி.மீ. வந்தால் 165.1, அது லேண்ட் ரோவர் சீரிஸ். எஃப்.ஜே. 40க்கு 139.7தான், ஆனால் ஆறு ஸ்டட்.

வட்டம் பொருந்திவிட்டால் ரிம் பொருந்திவிட்டது என்று நினைக்கக் கூடாது. நிவாவின் ரிம் வில்லிஸ் ஸ்டட்டுகளில் அழகாக உட்காரும். ஆனால் அதன் நடுத்துளை சுமார் 98 மி.மீ.தான், சுசுகியினுடையது 108. முன் ஹப்பில் (சக்கரம் மாட்டும் மையப் பகுதி) லாக்கிங் ஹப், அதாவது முன் சக்கரத்தை அச்சோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் பூட்டு, பொருத்திய வண்டியில் இந்தப் பத்து மில்லிமீட்டர் இல்லாமல் ரிம் உள்ளே போகாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் தட்டு விலகியிருக்கும் தூரம். நிவா ரிம்மின் ஆஃப்செட் 58 மி.மீ. நேர்மறை. ஜீப்பில் மாட்டினால் டயர் ஸ்பிரிங்கை நோக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஆஃப்செட்டை வீட்டிலேயே அளக்கலாம். டயர் இல்லாத ரிம்மைத் தரையில் முகம் குப்புறப் போடுங்கள். பின்விளிம்பின் மேல் ஒரு நேரான மரச்சட்டத்தை வைத்து, அதிலிருந்து ஹப்பில் பொருந்தும் தட்டு வரை ஆழத்தை அளவெடுங்கள். ரிம்மின் மொத்த அகலம் 200 மி.மீ., ஆழம் 88 என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் பாதி 100. எண்பத்தெட்டிலிருந்து நூறைக் கழித்தால் கழித்தல் 12, அதுவே ஆஃப்செட். கழித்தல் என்றால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், கூட்டல் என்றால் உள்ளே போகும். ரிம் அகலம் என்று முத்திரையில் அடித்திருக்கும் எண் டயரின் பீடு (ரிம்மைக் கவ்வும் உள்விளிம்பு) உட்காரும் இடங்களுக்கு இடையே உள்ள உள்ளகலம். வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு அளந்தால் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதலாக வரும். நாலரை அங்குல ரிம்மை ஐந்தரை என்று எழுதி விற்பது இப்படித்தான் நடக்கிறது.

டயரின் உயரம் கடைசி அளவு. 6.00-16 என்பதில் அகலமும் ரிம் விட்டமும் மட்டுமே உண்டு. அந்தக் காலத்து டயரில் பக்கச்சுவரின் உயரம் கிட்டத்தட்ட அகலத்துக்குச் சமம், அதனால் தனியே எழுதவில்லை. அளந்தால் 720 முதல் 730 மி.மீ. வரை வரும், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். 7.00-16 சுமார் 775, 7.50-16 சுமார் 800. புதிய முறையில் எழுதிய டயரைக் கணக்குப் போட்டுவிடலாம்: 215/85 ஆர் 16 என்றால் 215இல் 85 சதவீதம் 182.75, அதன் இரு மடங்கு 365.5, அத்துடன் 16 அங்குலமாகிய 406.4 சேர்த்தால் 772. ஆகவே அது 7.00-16க்கு மாற்று. 235/85 ஆர் 16 இதே கணக்கில் 806, 7.50-16க்கு மாற்று. விகிதம் எழுதாத 205 ஆர் 16 போன்றவற்றுக்கு 82 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 742 அளவில் வரும்.

6.00-16க்கு உயரத்தில் மிக அருகில் வருவது 215/75 ஆர் 16, கணக்குப்படி 729. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்த டயர் கேட்பது குறைந்தது ஐந்தரை அங்குல ரிம். ஜீப்பின் அசல் ரிம் நாலரை. உயரம் பொருந்தி அகலம் பொருந்தாத டயர் என்ன செய்யும் என்பது அடுத்த அறிகுறியில் தெரியும்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் உதறுகிறது

மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டரில் தொடங்கி, வேகத்தைக் கூட்டினால் அடங்கிவிடும் உதறல் ஒன்று. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் முன் சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக வெறிபிடித்தாற்போல் அடித்து, வண்டியை நிறுத்தினால்தான் நிற்கும் உதறல் இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது பெரும்பாலும் சக்கரத்தின் கோளாறு. இரண்டாவதில் சக்கரம் தூண்டிவிடுகிறது. தேய்ந்த கிங்பின்னோ தளர்ந்த இணைப்போ அதை வளர்க்கிறது.

பணம் செலவாகாத சோதனை முதலில். முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாட்டி அதே சாலையில் ஓட்டுங்கள். உதறலின் வேகமோ தன்மையோ மாறினால் ஸ்டீயரிங் பெட்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. அப்படியே இருந்தால் அச்சைப் பாருங்கள். வில்லிஸ் ஜீப்புக்கு காஸ்டர் கோணம் (கிங்பின் முன்பின்னாகச் சாயும் கோணம்) 3 பாகை, கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி வெளியே சாயும் கோணம்) ஒன்றரை பாகை. ஸ்பிரிங் தொய்ந்தாலோ, வண்டியை உயர்த்தக் கட்டை வைத்தாலோ காஸ்டர்தான் முதலில் கெடும்.

சக்கரம்தான் என்று தெரிந்துவிட்டால் முன் அச்சை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு செங்கல்லின் மேல் கனமான கம்பித் துண்டைக் கட்டி, அதன் நுனி ரிம்மின் விளிம்பை உரசும் உரசாத நிலையில் நிறுத்திச் சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். கண்ணைவிடக் காது இதில் நம்பகமானது. ஓரிடத்தில் மட்டும் ‘கிரீச்’ என்று உரசி மற்ற இடங்களில் சத்தமில்லாமல் போனால் ரிம் கோணல். இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் மாறினால் அந்த ரிம்மை முன் அச்சில் வைக்காதீர்கள். அடுத்து அதே கம்பியை டயரின் ட்ரெட்டுக்கு (தரையில் படும் பகுதி) நகர்த்துங்கள். ரிம் நேராக ஓடி டயர் மட்டும் ஏறி இறங்கினால், பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய வளையக் கோட்டைப் பாருங்கள். ரிம் விளிம்பிலிருந்து அந்தக் கோடு சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் விளிம்புக்குள் புதைந்திருந்தால் பீடு சரியாக உட்காரவில்லை. காற்றை முழுவதும் இறக்கி, பீடைத் தள்ளிவிட்டு, சோப்பு நீர் தடவி மீண்டும் ஏற்றினால் சரியாகிவிடும். பேலன்ஸ் எடைகளைக் கொத்தாக ஒட்டி மறைக்கப் பார்க்கும் பல உதறல்கள் உண்மையில் இந்தப் புதைந்த பீடுதான்.

குறுகிய ரிம்மில் அகல டயர் போட்டால் பக்கச்சுவர்கள் உள்ளே கிள்ளப்பட்டு ட்ரெட்டின் நடு வீங்கும். டயர் தரையில் நடுப்பகுதியை மட்டும் ஊன்றி, பம்பரம் போல் அலையும். எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் அந்த அலைச்சல் போகாது. 215/75ஐ நாலரை ரிம்மில் ஏற்றினால் கிடைப்பது இதுதான். ரிம்மை மாற்ற விருப்பமில்லையென்றால் டயரைக் குறுக்குங்கள். 175/80 ஆர் 16 நாலரை ரிம்முக்கு ஏற்றது. ஆனால் உயரம் 686தான், வண்டி இரண்டு சென்டிமீட்டர் தாழும், சுமைக் குறியீட்டையும் வண்டியின் எடையோடு ஒப்பிட்டாக வேண்டும். என் விருப்பம், அசல் ரிம் நன்றாக இருந்தால் 6.00-16ஐயே தேடி வாங்குவது.

காலையில் கிளம்பிய முதல் சில கிலோமீட்டர் மட்டும் ‘தட் தட்’ என்று தட்டிவிட்டு, டயர் சூடானதும் மறைந்துவிட்டால் பயப்பட வேண்டாம். நைலான் டயர் (ரேடியல் அல்லாத பழைய வகை) இரவெல்லாம் நின்ற இடத்தில் தட்டையாகிப் பின் மீளும். அது கோளாறு அல்ல, குணம்.

ஸ்டீயரிங் கனக்கிறது, கல் தட்டினால் கையில் உதைக்கிறது

காற்று குறைவா என்று பார்த்தாயிற்று, கிரீஸும் அடித்தாயிற்று என்றால், ஆஃப்செட்டுக்கு வாருங்கள். கிங்பின்னின் சாய்வுக் கோட்டை நீட்டினால் அது தரையில் ஓரிடத்தில் படும். டயரின் நடுக்கோடு தரையில் படும் இடம் அதற்குச் சற்று வெளியே இருக்கும். இந்த இடைவெளிதான் சக்கரம் ஸ்டீயரிங்கை இழுக்கும் நெம்புகோலின் நீளம். வெளியே தள்ளும் ரிம்மோ ஸ்பேசரோ (ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே வைக்கும் தட்டு) போட்டால் அந்த நெம்புகோலை நீங்களே நீட்டுகிறீர்கள். ஒரு பக்கச் சக்கரம் கல்லில் முட்டியதும் ஸ்டீயரிங் வளையத்தின் கம்பி கட்டை விரலை அடிக்கும். பழைய வண்டிக்காரர்கள் கட்டை விரலை வளையத்துக்குள் விடாமல் மேலேயே வைத்து ஓட்டுவது இதற்காகத்தான். வீல் பேரிங்கின் மேல் விழும் சுமையும் இடம் மாறுவதால் பேரிங் சீக்கிரம் போகும். அகல ரிம் வேண்டுமென்றே போடுவதானால் கூடும் அகலத்தை உள்ளேயும் வெளியேயும் பாதிப் பாதியாகப் பகிரும் ரிம்மைத் தேடுங்கள்.

திருப்பும்போது உரசுகிறது

முழுத் திருப்பத்தில் பட்டை ஸ்பிரிங்கில் உரசினால் பலர் உடனே ஸ்பேசர் வாங்குகிறார்கள். முதலில் நக்கிளில் (சக்கரத்தோடு திரும்பும் அச்சு முனை) இருக்கும் திருப்ப வரம்பு போல்ட்டை அரைச் சுற்று, ஒரு சுற்று வெளியே எடுத்துப் பாருங்கள். திரும்பும் வட்டம் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். அந்த போல்ட் டயருக்காக மட்டும் இருப்பதில்லை; முன் அச்சின் முனை ஜாயின்ட்டையும் அதுதான் காக்கிறது. ஆகவே எதிர்த் திசையில் உள்ளே திருகி அதிகத் திருப்பம் எடுக்கப் பார்க்காதீர்கள்.

சமதரையில் உரசாத டயர் மேட்டில் உரசும். ஒரு முன் சக்கரத்தை மட்டும் மேடான இடத்தில் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி மட்கார்டு, பிரேக் குழாய், ஷாக் அப்சார்பர் மூன்றிலும் விரல் விட்டுப் பார்ப்பது நல்லது. டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றிய வண்டியில் 15 அங்குல ரிம் காலிப்பரில் இடிக்கலாம். டயர் ஏற்றுமுன் வெறும் ரிம்மை மாட்டிச் சுற்றிவிடுங்கள்.

நான்கு சக்கர இயக்கத்திலிருந்து வெளியே வர நெம்புகோல் மறுக்கிறது

நான் பார்த்தவற்றில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட அறிகுறி இதுதான். டிரான்ஸ்பர் பெட்டி (எஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்கு அனுப்பும் பெட்டி) போய்விட்டது என்று இறக்கிப் பிரித்துவிடுகிறார்கள். உள்ளே எல்லாம் நன்றாக இருக்கும்.

இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் (இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கர அமைப்பு) கிடையாது. நெம்புகோலைப் போட்டதும் முன் தண்டும் பின் தண்டும் ஒரே இரும்பாகிவிடும். முன் டயர் 800 மி.மீ., பின் டயர் தேய்ந்து 790 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டரில் முன் சக்கரம் சுமார் 398 சுற்று சுற்ற வேண்டும், பின் சக்கரம் 403. ஐந்து சுற்று வித்தியாசம் எங்காவது போயாக வேண்டும். மண்ணில் டயர் வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச் சாலையில் வழுக்க இடமில்லை. தண்டுகளும் பற்சக்கரங்களும் முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த முறுக்கில்தான் நெம்புகோல் சிக்குகிறது. வலுக்கட்டாயமாக இழுக்காமல் வண்டியை நேராகச் சில மீட்டர் பின்னால் எடுங்கள். பெரும்பாலும் ‘டக்’ என்று விடுபடும். இல்லையென்றால் ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். தரையை விட்டு எழும்பும் கணத்தில் சக்கரம் தானாகவே வெடுக்கென்று சுழலும், கையை அருகில் வைக்காதீர்கள்.

நான்கிலும் ஒரே எண் எழுதியிருந்தால் போதாது. ஒரே அளவு என்று சொல்லும் இரண்டு தயாரிப்புகள் பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் வேறுபடும். ஒவ்வொரு டயரிலும் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, ஆள் தள்ள, ஐந்து சுற்று உருட்டித் தரையில் தூரத்தை அளந்து ஒப்பிடுங்கள். காற்றழுத்தம் நான்கிலும் சரியாக இருக்க வேண்டும். இன்னொரு கண்ணி ஸ்டெப்னி. பத்து ஆண்டுகளாகத் தொடாத புது ஸ்டெப்னியைப் பஞ்சரான நாளில் முன் அச்சில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போய் வருவார்கள். அடுத்த வாரம் நெம்புகோல் சிக்கும். ஐந்து சக்கரத்தையும் சுழற்சியில் மாற்றி வந்தால் இந்த வம்பே இல்லை.

நைலான், ரேடியல் கலப்புக்கும் இதே விதி: நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். 1970இல் வந்த ரேஞ்ச் ரோவர், 1977இல் வந்த நிவா இரண்டிலும் நடு டிஃபரன்ஷியல் உண்டு, அவை சிறு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அந்த வித்தியாசத்தை நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் சுமந்துகொண்டே இருக்கும்.

ஏற்றத்தில் இழுக்கவில்லை

எஞ்சினைப் பிரிக்குமுன் கணக்குப் போடுங்கள். 730ஐ விட்டு 800 மி.மீ. டயர் போட்டால் கியர் விகிதம் பத்து சதவீதம் நீள்கிறது. வில்லிஸின் போருக்குப் பிந்தைய சி.ஜே. 2ஏ ஜீப்பின் அச்சு விகிதம் 5.38. 7.50-16 போட்டதும் அது ஏறக்குறைய 4.9 போல நடந்துகொள்ளும்; போர்க்கால வில்லிஸின் 4.88க்குப் பக்கம். நெடுஞ்சாலையில் எஞ்சின் சத்தம் தணிந்து சுகமாக இருக்கும், மேட்டில் ஒரு கியர் கீழே இறங்க வேண்டிவரும். நல்ல எஞ்சினுக்கு இது நியாயமான பேரம் என்பேன். தளர்ந்த எஞ்சினுக்கு அல்ல. வேகமானி 60 காட்டும்போது வண்டி 66இல் போகும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். பழைய டிரம் பிரேக் அந்த ஆறை மன்னிக்காது.

நட் தளர்கிறது

ரிம்மில் நட்டைச் சுற்றித் துருக்கோடுகள் சூரியக் கதிர் போல் பரவியிருந்தால், சக்கரம் கொஞ்ச நாளாகவே அசைந்துகொண்டிருக்கிறது. துளை நீள்வட்டமாகியிருந்தால் ரிம்மைத் தூக்கிப் போட வேண்டியதுதான். புதிதாக வண்ணம் பூசிய ரிம்களில் நட் தளர்வதற்குக் காரணம் பெரும்பாலும் வண்ணமேதான். நட் உட்காரும் கூம்பிலும் ஹப் தொடும் தட்டிலும் பூச்சு தடிமனாக இருந்தால், ஓட ஓட அது நசுங்கி மெலிந்து நட் தளர்ந்துபோகும். அந்த இரண்டு இடங்களிலும் சுரண்டி இரும்பைக் காட்டுங்கள். பிறகு வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் முடுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் சரிபாருங்கள். அலாய் ரிம்முக்கு மாறினால் கூம்பு நட் பொருந்துமா, தட்டை வாஷர் நட் வேண்டுமா என்பதை ரிம்மே சொல்லும். பழைய நட்டைத் திணிக்காதீர்கள்.

பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடப்புரி, அதாவது இடப்பக்கம் திருப்பினால் இறுகும் மரை. ஸ்டட்டின் நுனியில் ஆங்கில எல் எழுத்து பொறித்திருக்கும். துருவுக்கு அடியில் அது தெரியாமல், நீளக் குழாயை மாட்டித் தப்புப் பக்கம் முடுக்கி ஸ்டட்டை முறித்தவர்கள் ஏராளம். கம்பித் தூரிகையால் முதலில் நுனியைத் தேய்த்துப் பாருங்கள்.

காற்று நிற்கவில்லை, டியூப் அடிக்கடி கிழிகிறது

பழைய ரிம்களில் நடுத்தட்டு ரிவெட் அடித்துச் சேர்க்கப்பட்டிருக்கலாம்; ரிவெட் வழியே காற்று கசியும். டியூப்லெஸ் டயரின் பீடைப் பிடித்து நிறுத்தும் மேடும் அவற்றில் இருக்காது. ஆகவே டியூப் போட்டே ஓட்டுங்கள். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போடுவதானால் உள்ளே ஒட்டியிருக்கும் காகிதத் துண்டை உரித்து, உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பும் மேடும் டியூபைத் தேய்த்துத் தின்றுவிடும். ரேடியல் டயருக்கு ரேடியல் டியூப்தான் போட வேண்டும்.

வால்வு துளையைக் கவனியுங்கள். பழைய ரிம்மில் அது சுமார் 16 மி.மீ. இருக்கும். கார் டியூபின் ஒல்லி வால்வு அதில் தளர்வாக ஆடி, அடியில் அறுந்துபோகும். வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால், குறைந்த காற்றில் ஓட்டியதால் டயர் ரிம்மின் மேல் நழுவியிருக்கிறது. அன்றே கழற்றி நேராக்க வேண்டும்.

டயர் ரிம்மில் ஏறி உட்கார மறுக்கிறது

இங்கே உயிர் போகும் தவறுகள் இரண்டு உண்டு. போர்க்கால ஜீப்பின் காம்பாட் ரிம் இரண்டு பாதிகளாகச் செய்து நட் போட்டு முடுக்கியது. உள்ளே காற்று இருக்கும்போது அந்தப் பாதிகளை இணைக்கும் நட்டுகளைத் தொடக் கூடாது. வால்வின் ஊசியையே கழற்றி எடுத்து, காற்று முழுவதும் போய், பீடு தளர்ந்த பிறகுதான் ஸ்பேனர்.

இரண்டாவது, 16.5 அங்குல ரிம். எழுபதுகளின் அமெரிக்க வண்டிகளில் பரவலாக இருந்த இவை பழைய குவியல்களில் இன்றும் வருகின்றன. பீடு உட்காரும் இடம் 15 பாகை சாய்ந்தது. 16 அங்குல டயர் இதன் மேல் ஏறிவிடும், ஆனால் உட்காராது. உட்காரவில்லையே என்று காற்றைக் கூட்டிக்கொண்டே போனால் பீடின் கம்பி அறுந்து டயர் வெடிக்கும். ரிம்மின் முத்திரை துருவில் மறைந்திருந்தால் சுரண்டிப் படியுங்கள். படிக்க முடியவில்லையென்றால் அந்த ரிம்மில் எந்த டயரும் வேண்டாம்.